புல்லும் கடிவாளமும்

"கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம்" என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. வீட்டு வேலை என்றால் மெள்ள நழுவிவிட்டு, பலகாரம் என்றால் முதல் பந்தியில் வந்து உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்து எங்கள் பாட்டி இதைச் சொல்லாத நாள் கிடையாது. பாட்டி தன் ஆயுளில் ஒரு குதிரையின் வாய்க்கு அருகே போனவள் அல்ல. நானும் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தவள் அல்ல. ஆனால் பேத்தி என்று ஒருத்தி பிறந்துவிட்டால் பாட்டிகள் எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது.

கோவைக்கு வெளியே ஒரு குதிரைப் பயிற்சிக் கூடம். 2023 ஜூன் மாதம், 11 வயதில், என் பேத்தி அங்கே சேர்ந்தாள். சனி, ஞாயிறு காலை 6 மணிக்கு வகுப்பு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் வாரம் முழுவதும் ஆபீசில் உழைத்துவிட்டு அந்த இரண்டு நாள்தான் கொஞ்சம் அசந்து தூங்குகிறார்கள். ஆகையால் காப்பி பிளாஸ்க்கும் கையுமாகத் துணைக்குப் போகிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. குதிரையேற்றம் என்றால் தேசிங்கு ராஜா மாதிரி ஏறின மாத்திரத்தில் பாய்ந்து போய்விடுவார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். முக்கால் பங்கு, லத்தி அள்ளுவதும் உடம்பு தேய்த்துவிடுவதும் குளம்பு சுரண்டுவதும்தான். ஏறி உட்காருவது பாக்கிக் கால் பங்கு. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. சாப்பிட்ட தட்டை எடுத்து அலம்ப நாலு தடவை சொல்ல வேண்டிய பெண், ஒரு வாயில்லா ஜீவனின் காலடியில் குந்தி உட்கார்ந்து அழுக்கு எடுக்கிறாளே!

அவளுக்குப் பழகக் கொடுத்த குதிரையின் பெயர் ராணி. செம்பழுப்பு நிறம், வயது 14, நெற்றியில் திருநீறு தீற்றினாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. நடையிலும் ஓட்டத்திலும் பரம சாது. மேலே குழந்தை சற்றுச் சாய்ந்தால் தானாக நின்றுவிடும். ஆனால் சேணம் போடும் நேரத்தில் மட்டும் அது வேறு பிறவியாகிவிடும். முதுகில் சேணத்தை வைக்கும்போதே காதுகள் பின்னால் மடங்கும். சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற வாரை இழுத்தால், வாலைச் சாட்டைபோல் அடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பல்லைக் காட்டும். 2024 ஜனவரியில் ஒரு பையனின் புஜத்தைக் கவ்வியே விட்டது. சட்டை கிழிந்ததோடு போயிற்று என்றாலும், கையில் நீலம் பாரித்துவிட்டது. அந்தப் பையனின் தாயார் போட்ட கூச்சலில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இது துஷ்டக் குதிரை, குழந்தைகளிடம் இனிமேல் விடுவதற்கில்லை" என்று பயிற்சி ஆசிரியர் தீர்மானித்துவிட்டார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒருவர் வந்து, ராணியின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலையும் பேசிவிட்டுப் போனாராம். காதருகே பாண்டு வாத்தியமும், காலடியில் சரவெடியுமாக நள்ளிரவில் நிற்கிற அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். என் பேத்தி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூடத்துக்குப் புதிதாக ஒரு குதிரைக்காரர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை "பாய்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ராணிக்குச் சேணம் போடுவதற்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு கட்டுக் காய்ந்த புல்லைக் கொண்டுவந்து அதன் முகத்துக்கு எதிரே தொங்கவிட்டார். ஆசிரியர் பார்த்துவிட்டார். "வேலை நேரத்தில் தீனி காட்டக் கூடாது. அப்புறம் குதிரை ஓரிடத்தில் நிற்காது. கடிவாளம் போடும்போது வாயில் புல்லை அடக்கிக்கொண்டு படுத்தும்" என்று எடுக்கச் சொன்னார். பாயும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். எடுத்துக்கொண்டு போகும்போது என் அருகில் வந்து, "எங்க அத்தா ஜட்கா ஓட்டினவருங்கம்மா. வெறும் வயித்துல வண்டி பூட்டினா குதிரைக்கு நெஞ்சு கரிக்கும்னு சொல்லுவாரு. கடிக்காம என்ன செய்யும்?" என்றார்.

ஜட்கா என்றதும் எனக்குக் கும்பகோணம் ஸ்டேஷன் வாசல் ஞாபகத்துக்கு வந்தது. சின்ன வயதில், ரயிலை விட்டு இறங்கினால் ஜட்காவில்தான் வீட்டுக்குப் போவோம். "முன்னாலே தள்ளி உக்காருங்க, பின்பாரம்!" என்று வண்டிக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். வண்டிக்குள் ஆசனம் கிடையாது. புல்லைப் பரப்பி, மேலே ஒரு சாக்கை விரித்திருப்பார்கள். அந்தப் புல் சாக்கையும் தாண்டிப் பாவாடை வழியாகக் குத்தும். நமக்கு மெத்தை, குதிரைக்குக் கட்டுச்சாதம்! சவாரி இறங்கியதும் வண்டிக்காரர் சாக்கின் அடியிலிருந்து ஒரு பிடி உருவிக் குதிரைக்குப் போடுவார். அதன் பிறகுதான் கூலிக்குப் பேரம். இவ்வளவு காலம் கழித்து யோசித்தால், அந்தக் குதிரைகள் எலும்பும் தோலுமாக இருந்தாலும் அவற்றின் வாய் எந்நேரமும் அசைந்துகொண்டே இருந்ததாகத்தான் நினைவு.

அந்த மாதம் கால்நடை வைத்தியர் பரிசோதனைக்கு வந்தார். நான் சும்மா இருப்பவளா? ஆசிரியர் அந்தப் பக்கம் போனதும், பாய் சொன்னதை அப்படியே அவரிடம் ஒப்பித்துவிட்டேன். வைத்தியர் சிரிக்கவில்லை. ராணியின் முதுகை அழுத்திப் பார்த்தார். சேணம் பொருந்துகிறதா, வார் படுகிற இடத்தில் புண் உண்டா, பற்கள் கூராகிவிட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் குற்றமில்லை. "இதற்கு எப்போது தீனி போடுகிறீர்கள்?" என்று கேட்டார். சாயங்காலம் 6 மணிக்குப் புல். அது இரவு ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும். மறுநாள் காலை வகுப்புகள் முடிந்து 9 மணிக்கு அடுத்த தீனி. விரலை மடக்கிப் பாருங்கள். 12 மணி நேரம்!

பிறகு அவர் சொன்ன விவரங்களைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். நமக்கு, சாப்பாட்டின் வாசனை வந்தாலோ சாப்பிட்டாலோதான் வயிற்றில் அமிலம் பெருகுகிறது. குதிரைக்கு அப்படியல்ல. தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாக ஊறிக்கொண்டே இருக்குமாம். மேய்ச்சலில் விட்ட குதிரை ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் மேய்கிற பிராணி. அதற்குத் தகுந்தாற்போல் ஆண்டவன் வைத்த ஏற்பாடு இது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை என்னவோ சின்னது; 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அமிலத்தை அடக்க இருக்கிற மருந்து அதன் உமிழ்நீர். சோடா உப்புப்போல அது அமிலத்தின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். நமக்குப் பலகாரத்தை நினைத்தாலே நாக்கில் நீர் ஊறும். குதிரைக்கு மென்றால்தான் ஊறும். மெல்லுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் மருந்து சுரக்காது. அமிலம் மட்டும் நிற்காது.

இரைப்பையின் கீழ்ப்பாதிக்கு அமிலம் தாங்கும் வழவழப்பான பூச்சு உண்டு, மேல்பாதிக்குக் கிடையாது. காலி வயிற்றோடு குதிரையை ஓட்டினால், வயிற்றுத் தசைகள் இறுகி, உள்ளே இருக்கும் அமிலம் அந்த மேல்பாதியில் போய்த் தெறிக்கும். அரைக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். குடத்தில் வைக்கோல் போட்டால் தண்ணீர் தளும்பாது அல்லவா? அதைப்போல, ஓட்டுவதற்கு முன் தின்ற புல் ஒரு மெத்தையாக மேலே மிதந்து தெறிப்பைத் தடுக்கிறது. பந்தயக் குதிரைகளைச் சோதித்துப் பார்த்த இடங்களில், பத்தில் எட்டு ஒன்பதுக்குக்கூட இந்தப் புண் இருந்திருக்கிறதாம். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. வாய்விட்டுச் சொல்லவும் வராது. வாரை இழுக்கிறவரின் கை அருகில் இருக்கிறது, கடிக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, பாண்டிய ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அரேபியாவிலிருந்தும் பாரசீகக் கடற்கரையிலிருந்தும் கப்பலில் வந்த உயர்ந்த ஜாதிக் குதிரைகள்! அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். மாணிக்கவாசகர் காலத்து நரி-பரி சமாசாரம் மனத்திலிருந்து போகாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இறைச்சி போட்டார்களோ என்னவோ! எத்தனை பொன் கொட்டி வாங்கினாலும், அதற்கு வேண்டியது புல்.

வைத்தியர் ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசினார். மூக்கு வழியாக 3 மீட்டர் நீளக் குழாயை விட்டுப் பார்த்தால்தான் புண் உண்டா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். அந்தக் கருவியை இங்கே கொண்டுவருவது சுலபமல்ல. ஆகவே, உண்டு என்றே வைத்துக்கொண்டு நாலு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். மருந்தின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒமிப்ரசோல்! எங்கள் வீட்டில் காலையில் காப்பிக்கு முன்னால் விழுங்குகிற அதே சரக்கு. (அதற்காக வீட்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட முடியாது. குதிரைக்குத் தனியாகத் தயாரித்தது உண்டு, அளவும் வேறு.) மருந்தைவிட முக்கியம், வயிறு காலியாகக் கிடக்கவே கூடாது, இரவுத் தீனியை இரண்டாகப் பிரித்துக் கடைசிப் பங்கைப் படுக்கப்போகும் நேரத்தில் போடுங்கள், சேணம் போடும்போது முன்னால் புல் இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆசிரியர் பிடிவாதக்காரரே தவிர, கெட்டவர் அல்ல. நாலு வாரம் பார்க்கலாம், அதுவரை விலை பேசினவரை நிறுத்திவைக்கிறேன் என்றார். ஆனால் அவர் சொன்ன ஆட்சேபணைகள் அப்படியே இருந்தனவே! குதிரை நிற்காது என்றார். வாயில் புல்லோடு கடிவாளம் போட முடியாது என்றார். இரண்டும் நிஜந்தான். வைத்தியர் வழி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றாடம் அதை நடத்திக் காட்டியவர் பாய்.

அவர் செய்ததைப் பார்த்தபோது எனக்கு இதெல்லாம் தெரிந்த வித்தையாகவே தோன்றிற்று. பள்ளிக்கூட பஸ் வருவதற்குள், பெண்ணை முன்னால் உட்கார வைத்து, அவள் இட்லி தின்னத் தின்ன நாம் தலை பின்னுகிறோமே, அதேதான்! தட்டை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். கீழே வைத்தால் குனிவாள், பின்னல் கோணும். தள்ளி வைத்தால் எட்டுவாள், வகிடு போகும். பாயும் புல்லைத் தரையில் போடவில்லை. சின்னக் கண்ணிகள் உள்ள கயிற்று வலைப் பையில் திணித்து, ராணியின் கண் மட்டத்துக்குக் கட்டினார். காலியான பை துவண்டு கீழே தொங்கும். தாழக் கட்டியிருந்தால் குதிரை கால் தூக்கும்போது குளம்பு அதில் மாட்டிக்கொண்டுவிடும், கால் போய்விடும் என்று குழந்தைகளுக்கு இரண்டு முறை காட்டினார். பையை நேரே இரும்பு வளையத்தில் கட்டாமல், நடுவில் ஒரு சணல் கயிறு. குதிரை மிரண்டு இழுத்தால் சணல் அறுந்துகொள்ளும். குதிரைக்கு ஒன்றும் ஆகாது. கண்ணி சின்னதாக இருப்பதால் வாய்க்கு இரண்டு மூன்று இழைதான் வரும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று தீர்க்கக் குதிரைக்கு முக்கால் மணி நேரம் போல் ஆகும். உடம்பு தேய்த்து, குளம்பு பார்த்து, சேணம் ஏற்றக் குழந்தைகளுக்கு அரைமணி பிடிக்கும். கணக்குச் சரியாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வார் இழுக்கிற விதம். முன்பெல்லாம் ஒரே இழுப்பாக நாலு துளை ஏற்றுவார்கள். பாய், முதல் துளையில் கொக்கியை மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். ராணி மென்றுகொண்டிருக்கும். கடைவாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அசைவு நின்றால் அவரும் நிற்பார். மறுபடி அசைய ஆரம்பித்தால் அடுத்த துளை. "வாய் ஓடுற வரைக்கும் வயிறு இறுகலேன்னு அர்த்தம், பாப்பா" என்று பேத்தியிடம் சொன்னார். அவளும் அப்படியே வாயைப் பார்த்துப் பார்த்து வார் கட்டக் கற்றுக்கொண்டாள்.

கடைசியில்தான் கடிவாளம். அதற்குள் பையை அவிழ்த்து எட்டாத இடத்தில் மாட்டிவிட வேண்டும். அவிழ்த்த உடனே கடிவாளத்தைக் கொண்டுபோனால் பழமொழி பலித்துவிடும். வாய்க்குள் அடக்கிய புல், கடிவாள இரும்பைச் சுற்றிக்கொள்ளும். நாக்கின் மேல் உறுத்தும். சவாரி முழுவதும் குதிரை தலையை உதறிக்கொண்டே இருக்கும். ஆகவே பையை அகற்றியதும் ஒரு வாளியில் தண்ணீர் காட்டுவார். நாலு வாய் குடித்தால் பாதிப் புல் உள்ளே போய்விடும். பிறகு தொண்டையில் இறங்குவது வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார். அப்படியும் வாயை இறுக மூடிக்கொண்டால், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. உதட்டோரமாகக் கட்டை விரலை அங்கே வைத்தால் போதும். வாய் தானே திறந்துகொள்ளும். அங்கே கடிக்கப் பல் கிடையாது என்று தெரிந்திருந்தும், பேத்தி முதல் தடவை விரலை விட்டபோது நான் கந்த சஷ்டி கவசத்தை மனத்துக்குள் ஆரம்பித்துவிட்டேன்.

பாய் இரண்டு காரியங்களை மட்டும் அடியோடு தடுத்தார். கடிவாளம் போடும்போது கையால் ஊட்டக் கூடாது. கை என்றாலே தீனி என்று எண்ணிக் கவ்வப் பார்க்கும். கொள்ளோ ஓட்ஸோ அந்த நேரத்தில் கண்ணிலேயே காட்டக் கூடாது. தானியத்தைக் குதிரை சீக்கிரம் விழுங்கிவிடும், உமிழ்நீர் அதிகம் ஊறாது. தானியம் தின்றால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் சவாரி. புல் மட்டும் போதும். அதிலும், நம் கோவைப் பக்கத்தில் தோட்டங்களில் போடுகிறார்களே குதிரை மசால், அதில் ஒரு கைப்பிடி கலந்தால் விசேஷம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சுண்ணாம்புச் சத்து மிகுதியானதால் அமிலத்தை நன்றாக அடக்குமாம். பெயரிலேயே குதிரை இருக்கிற பயிர், மாட்டுக்கும் ஆட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறது!

இதில் எனக்கு வந்து சேர்ந்த கஷ்டம் ஒன்று உண்டு. புல் தின்ற வாயில் கடிவாளம் ஏறியதும் பச்சை நுரை தள்ளும். அதை ராணி நேராக என் பேத்தியின் வெள்ளைச் சட்டையில்தான் துடைத்துக்கொள்ளும். வாஷிங் மெஷினில் போட்டு எடுத்தாலும் இளம்பச்சையாக ஒரு தேசப்படம் தெரியும். சோப்பைத் தடவி வெயிலில் போட்டு, மறுபடியும் தடவி வெயிலில் போட்டுத்தான் போக்கினேன். இப்போது அடர்பச்சைச் சட்டையாக இரண்டு வாங்கிவிட்டோம்.

முதல் வாரம் மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. காது மடங்கத்தான் மடங்கிற்று. இரண்டாம் வாரம் வாலடிப்பது குறைந்தது. மூன்றாம் ஞாயிறு, வார் முதல் துளைக்குப் போனபோது ராணி திரும்பியே பார்க்கவில்லை. பைக்குள் மூக்கை விட்டபடி நின்றது. அன்று ஆசிரியர் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாலு வாரம் முடிந்த பிறகு, விலை பேசியவருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று பாய் சொல்லித் தெரிந்தது. மருந்தினால் குணமாயிற்றா, புல்லினாலா, அல்லது பொறுமையாக வார் இழுத்ததினாலா என்று என்னைக் கேட்டால் எப்படிச் சொல்வேன்? உள்ளே புண் இருந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. என் பேத்தி மட்டும், "மூணும்தான் பாட்டி" என்கிறாள்.

இப்போது சேணம் போடும் கொட்டகையில், எல்லாக் குதிரைக்கும் எதிரே ஒவ்வொரு வலைப் பை தொங்குகிறது. குழந்தைகளே காலையில் வந்து புல் திணிக்கிறார்கள். யார் அதிகமாகத் திணிக்கிறார்கள் என்று போட்டி வேறு. ராணி இன்னமும் மூன்றாவது துளைக்கு வரும்போது மட்டும் ஒரு காதை லேசாக மடக்கும். பழைய வலி ஞாபகத்துக்கு வருகிறதோ என்னவோ. அப்போது என் பேத்தி வாரை விட்டுவிட்டு, அதன் கடைவாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சில நாள் அரை நிமிஷம்; சில நாள் ஐந்து நிமிஷம். மற்றக் குதிரைகள் எல்லாம் வெளியே போய்விட்டிருக்கும். நான் பிளாஸ்க்கைத் திறந்து இன்னொரு வாய் காப்பி ஊற்றிக்கொள்வேன்.